பழைய மணி, புதிய பொத்தான்: குறைந்த மின்னழுத்த மணியோடு வீடியோ காலிங் பெல்லை இணைத்தல்

பெங்களூரு அல்சூரில் உள்ள என் அத்தை வீட்டில், தெருக் கேட்டுக்கும் கூடத்துக்கும் இடையே பதினைந்து மீட்டர் தொலைவு இருக்கும். மழையில் நனையும் கேட்டுத் தூணுக்கு 230 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுபோகக் கூடாது என்பதில் மாமா உறுதியாக இருந்ததால், வீடு கட்டும்போதே ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்து, 12 வோல்ட்டில் ஒலிக்கும் ‘டிங்-டாங்’ மணி ஒன்றை மாட்டியிருந்தார். சென்ற ஆண்டு அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு வீடியோ காலிங் பெல்லைக் கொண்டுவந்தார். எலக்ட்ரீஷியன் பழைய பொத்தானைக் கழற்றிவிட்டு, அதே இரண்டு கம்பிகளில் புதியதை மாட்டிக் கொடுத்தார். பகலில் படம் தெளிவாக வந்தது. ஆனால் கூடத்து மணி யாரும் அழுத்தாமலே மெல்ல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. இருட்டிய பிறகோ கேமரா நின்று நின்று மறுபடி உயிர்பெற்றது. கருவியில்தான் கோளாறு என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். உண்மையில் கருவி நன்றாகவே இருந்தது. பொத்தான் என்பது என்ன, வீடியோ பொத்தான் என்பது என்ன என்ற வேறுபாட்டை அந்த இரண்டு கம்பிகளும்தான் வெளிப்படுத்திக்கொண்டிருந்தன. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தானாகவே விளங்கிவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சாதாரண மணியின் தத்துவம் மிகப் பழையது. மின்காந்தத்தைக் கொண்டு தொலைவிலிருந்து ஒரு மணியை ஒலிக்க வைக்கலாம் என்பதை அமெரிக்க அறிவியலாளர் ஜோசஃப் ஹென்றி 1831ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார். இன்றைய டிங்-டாங் மணியிலும் இருப்பது ஒரு கம்பிச்சுருளும், அதற்குள் நகரும் ஓர் இரும்புத் தண்டும், அதைப் பழைய இடத்துக்குத் தள்ளும் ஒரு ஸ்பிரிங்கும்தான். பொத்தானை அழுத்தினால் சுருளில் மின்னோட்டம் பாய்ந்து தண்டை இழுக்கிறது; தண்டு ஒரு தகட்டில் மோதி ‘டிங்’ என்கிறது. கையை எடுத்தால் ஸ்பிரிங் தண்டைத் திருப்பித் தள்ள, அது மறுபக்கத் தகட்டில் மோதி ‘டாங்’ என்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் புறப்படும் கம்பி மணிக்கு வந்து, மணியிலிருந்து பொத்தானுக்குப் போய், பொத்தானிலிருந்து மறுபடி டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்புகிறது. மூன்றும் ஒரே வளையத்தில் கோத்த மணிகளைப் போல வரிசையாக நிற்கின்றன. பொத்தான் அழுத்தப்படாதவரை வளையம் அறுந்திருக்கிறது. அதில் எங்கும் மின்னோட்டம் இல்லை. அதாவது, ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தில் சில நொடிகளைத் தவிர அந்தக் கம்பிகள் வெறுமனே கிடக்கின்றன.

மேலே போவதற்கு முன், உங்கள் வீட்டு மணி உண்மையிலேயே குறைந்த மின்னழுத்த மணிதானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால் வரும் சேதம் மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது. பெங்களூருவிலும் சரி, சென்னையிலும் சரி, பெரும்பாலான வீடுகளில் காலிங் பெல் நேரடியாக 230 வோல்ட்டில் இயங்குகிறது. வாசல் பொத்தானில் இருப்பதும் அதே 230 வோல்ட்தான். அமெரிக்க வீடுகளில் வழக்கமாக 16 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஐரோப்பாவின் பழைய வீடுகளில் 8 வோல்ட் மணிகளும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் வீடியோ பெல்கள் அந்த வீடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ‘8–24 வோல்ட்’ அல்லது ‘16–24 வோல்ட்’ என்று அச்சிடப்பட்ட ஒரு கருவியை நம் ஊர் 230 வோல்ட் பொத்தான் கம்பிகளில் இணைத்தால், அது அந்த நொடியிலேயே கருகிவிடும். தொடுகிற கைக்கும் ஆபத்து.

மணியின் முதுகில் ஒட்டியிருக்கும் எழுத்துகளை முதலில் படியுங்கள். ‘230 வோல்ட் ஏசி’ (ஏசி என்பது மாறுதிசை மின்சாரம்) என்றோ ‘240 வோல்ட்’ என்றோ இருந்தால், உங்களிடம் இருப்பது நேரடி மின்சார மணி. எழுத்து அழிந்திருந்தால் மல்டிமீட்டரை ஏசி மின்னழுத்தத்தின் உயர்ந்த அளவீட்டில் வைத்து, பொத்தானின் இரண்டு முனைகளுக்கும் இடையே அளக்க வேண்டும். அழுத்தாத பொத்தானில் மின்னோட்டம் இல்லையாதலால் சுருளில் இழப்பும் இல்லை. மூலத்தின் முழு மின்னழுத்தமும் அப்படியே அங்கே தெரியும். 12, 16, 18, 24 போன்ற எண் வந்தால் நீங்கள் மேலே தொடரலாம். மீட்டரைக் கையாண்டு பழக்கம் இல்லாதவர்கள் இந்த அளவீட்டை ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது. டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை மட்டும் நம்ப வேண்டாம். அது எரிந்தால் ஆபத்து உண்டு என்று பொருள். எரியாவிட்டால் ஆபத்து இல்லை என்று பொருள் அல்ல.

இப்போது அந்த வேறுபாட்டுக்கு வருவோம். பழைய பொத்தான் எதையும் உண்ணாது. வீடியோ பொத்தானுக்குள் கேமரா, வைஃபை, ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, ஒரு சிறு கணினி ஆகியவை எந்நேரமும் விழித்திருப்பதால், அதற்கு எந்நேரமும் மின்சாரம் வேண்டும். ஆனால் அது உட்கார்ந்திருப்பதோ பழைய பொத்தானின் இடத்தில். அதற்கு வந்து சேர வேண்டிய மின்னோட்டம் அனைத்தும் மணியின் சுருள் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஆகவே அது, தண்டை இழுக்கும் அளவுக்கு வலுவில்லாத ஒரு சிறு மின்னோட்டத்தைச் சுருளின் வழியாக ஓயாமல் பெற்றுக்கொண்டு வாழ்கிறது. யாராவது பொத்தானை அழுத்தினால், தன் இரு முனைகளையும் உள்ளேயே ஒரு மின்னணு ஸ்விட்ச் மூலம் இணைத்துவிடுகிறது. அப்போது முழு மின்னழுத்தமும் சுருளின் மேல் விழுந்து மணி ஒலிக்கிறது. அந்தச் சில நொடிகளில் கருவிக்கு வெளியிலிருந்து ஏறக்குறைய எதுவும் கிடைக்காது. உள்ளே இருக்கும் சிறு பேட்டரியிலோ மின்தேக்கியிலோ சேமித்ததைக் கொண்டு அது சமாளிக்கிறது. தன் உணவு வரும் வழியைத் தானே சில நொடிகளுக்கு அடைத்துக்கொண்டுதான் அது மணியை அடிக்கிறது என்பதை முதன்முதலாக அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பழைய இரண்டு கம்பிகளை மட்டுமே வைத்துக்கொண்டு இவ்வளவும் செய்வது மிக நேர்த்தியான வடிவமைப்பு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அத்தை வீட்டில் என்ன நடந்தது என்பதை ஒரு தோராயக் கணக்காலேயே காட்டலாம். அங்கே மணிக்கும் கேட்டுக்கும் இடையே போடப்பட்டிருந்தது மெல்லிய டெலிபோன் ஒயர். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.09 ஓம் மின்தடை தரும். போகவும் வரவும் 30 மீட்டர் என்றால் சுமார் 3 ஓம். மணிச்சுருளுக்கு 9 ஓம் என்று வைத்துக்கொண்டால், வழியில் மொத்தம் 12 ஓம் நிற்கிறது. ஒரு மூலத்துக்கும் கருவிக்கும் நடுவே இப்படி ஒரு மின்தடை நின்றால், கருவி எவ்வளவு முயன்றாலும் பெறக்கூடிய திறனுக்கு ஓர் உச்சம் உண்டு. மின்னழுத்தத்தைத் தன்னாலேயே பெருக்கி, வழியில் உள்ள மின்தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் அந்த உச்சம் கிடைக்கும். 12 வோல்ட்டுக்கு அது 144ஐ 48ஆல் வகுத்தால் வரும் 3 வாட். அதற்கு மேல் ஒரு துளியும் கிடைக்காது. சுருளின் தூண்டல் விளைவையும் டிரான்ஸ்ஃபார்மரின் உள் இழப்பையும் இதில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் உண்மை நிலை இன்னும் சற்று மோசமாகத்தான் இருக்கும்.

கேமரா பகலில் 2.5 வாட் கேட்கிறது என்று கொள்வோம். அது 3 வாட்டுக்குள் அடங்குவதால் பகலில் படம் வந்தது. ஆனால் அதற்காகச் சுருளின் வழியே ஏறத்தாழ 0.3 ஆம்பியர் ஓயாமல் பாய்ந்தது. சுருளின் மேல் எப்போதும் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் நின்றது. அது தண்டை இழுத்து அடிக்கப் போதாது. ஆனால் நடுங்க வைக்கப் போதும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காந்த இழுப்பு இருமுறை உச்சம் தொடுவதால், தண்டு நொடிக்கு 100 முறை அதிர்ந்து அந்த ரீங்காரத்தை எழுப்பியது. இருட்டியதும் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளை ஏற்றுகிறது, தேவை 4.5 வாட்டாக உயர்கிறது என்று கொண்டால், 3 வாட் உச்சமுள்ள வழியில் அதற்கு இடமே இல்லை. மின்னழுத்தம் சரிகிறது, கருவி அணைகிறது, அணைந்ததும் சுமை நீங்கி மின்னழுத்தம் மீள்கிறது, கருவி மறுபடி எழுகிறது. பகலில் நன்றாக இருந்து இரவில் மட்டும் தொல்லை தரும் வீடியோ பெல்லைக் கண்டால், வைஃபையைச் சந்தேகிப்பதற்கு முன் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகியுங்கள்.

இதே கணக்கில் மின்னழுத்தத்தை 18 வோல்ட்டாக உயர்த்தினால் உச்சம் 6.75 வாட்டாகிறது, 24 வோல்ட்டில் 12 வாட். மின்னழுத்தம் இரட்டித்தால் கிடைக்கும் திறன் நான்கு மடங்காவதால்தான் பல கருவிகள் குறைந்தது 16 வோல்ட்டாவது வேண்டும் என்று கேட்கின்றன. அத்துடன் அவை ‘10–40 வி.ஏ.’ என்றும் ஓர் அளவைக் குறிப்பிடும். வி.ஏ. என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய தொகை. டிரான்ஸ்ஃபார்மரின் தாங்குதிறன் என்று எளிமையாகக் கொள்ளலாம். அத்தை வீட்டில் இருந்தது 12 வோல்ட், அரை ஆம்பியர். அதாவது 6 வி.ஏ. மட்டுமே. 18 வோல்ட்டில் மணி ஒலிக்கும் நொடியில் 12 ஓம் வழியே ஒன்றரை ஆம்பியர் பாயும். அது 27 வி.ஏ. ஆகவே 30 வி.ஏ.க்குக் குறையாத ஒன்றை வாங்குவதே அறிவு.

பெங்களூருவில் இதற்கு எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே கடைகளில் ‘9-0-9’, ‘12-0-12’ என்ற பெயர்களில் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கும். 9-0-9 என்றால் நடுக் கம்பியிலிருந்து இருபுறமும் ஒன்பது ஒன்பது வோல்ட்; நடுக் கம்பியை இன்சுலேஷன் செய்து விட்டுவிட்டு இரு ஓரக் கம்பிகளை மட்டும் எடுத்தால் 18 வோல்ட். அப்படியானால் 12-0-12 வாங்கி 24 வோல்ட்டே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு முழுச் சுமையில் கிடைக்கும் அளவு. சுமை இல்லாத நேரத்தில் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் அதைவிடக் கூடுதலாகவே தரும். வீட்டு மின்சாரமும் சில வேளைகளில் 240 வோல்ட்டைத் தாண்டும். இரண்டும் சேர்ந்தால் 24 வோல்ட் என்று வாங்கியது 27, 28 என்று மீட்டரில் நிற்கலாம். அது கருவியின் மேல்வரம்பை மீறிய அளவு. 18 வோல்ட்டில் இரு பக்கமும் போதுமான இடைவெளி இருக்கிறது. 2 ஆம்பியர் தாங்கும் 9-0-9 ஒன்றை வாங்கினோம். அது 36 வி.ஏ.

வாங்குவது திறந்த முனைகள் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் என்றால், அதை மூடிய பெட்டிக்குள் வைத்து, 230 வோல்ட் பக்கத்தில் மெதுவாக உருகும் வகை அரை ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைச் சேர்த்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டே இணைக்க வேண்டும். மணிகளுக்கென்றே செய்யப்பட்ட, ஷார்ட் சர்க்யூட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தால் அது இன்னும் மேல். வெளிநாட்டு உறவினர் வீடியோ பெல்லோடு அங்கத்திய டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தால் அதை எடுத்து வைத்துவிடுங்கள். அது 120 வோல்ட்டுக்கானது. இங்கே 230 வோல்ட் கொடுத்தால் வெளியீடு ஏறக்குறைய இரட்டிப்பாவது மட்டுமல்லாமல், அதன் இரும்பு உள்ளகம் காந்தத்தால் நிரம்பிச் சூடேறிக் கருகும்.

டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியதும் இரவுத் தொல்லை நின்றது, ரீங்காரம் நிற்கவில்லை. நிற்காது என்பது எதிர்பார்த்ததுதான். கேமராவுக்கான மின்னோட்டம் இன்னும் சுருளின் வழியாகத்தானே போகிறது. இதற்காகத்தான் பல கருவிகளின் பெட்டிக்குள் ‘பவர் கிட்’ என்றோ ‘சைம் கனெக்டர்’ என்றோ ஒரு சிறு வில்லை இரண்டு கம்பிகளோடு வருகிறது. அத்தை மகன் கொண்டுவந்த பெட்டியிலும் அது பிரிக்கப்படாமலே கிடந்தது. அதன் இடம் கேட்டில் அல்ல, கூடத்து மணிக்குள். அமெரிக்க மணியின் மூடியைத் திறந்தால் ‘டிரான்ஸ்’, ‘ஃப்ரன்ட்’, ‘ரியர்’ என்று மூன்று திருகுகள் தெரியும். டிரான்ஸ் என்பது டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் கம்பிக்கு. ஃப்ரன்ட் முன்வாசல் பொத்தானுக்கு. ரியர் பின்வாசல் இருந்தால் அதற்கு. நம் ஊர் மணியில் இந்த எழுத்துகள் இல்லாமல் இரண்டு திருகுகள் மட்டும் இருக்கலாம். வில்லையின் இரண்டு கம்பிகளையும், ஏற்கெனவே உள்ள கம்பிகளைக் கழற்றாமல், டிரான்ஸிலும் ஃப்ரன்ட்டிலும் இணைக்க வேண்டும். அதாவது சுருளுக்குப் பக்கவாட்டில். இனிக் கேமராவின் அன்றாட மின்னோட்டம் சுருளைத் தவிர்த்து இந்தப் பக்கவழியில் போகும். பொத்தான் அழுத்தப்பட்டு மின்னழுத்தம் திடீரென்று உயரும்போது வில்லை தன் வழியை அடைத்துக்கொள்ள, மின்னோட்டம் முழுவதும் சுருளுக்குத் திரும்பி மணி ஒலிக்கிறது. இணைத்த அன்றே கூடத்தில் ரீங்காரம் அடங்கியது.

மணி டிங்-டாங் வகையாக இல்லாமல் இசை ஒலிக்கும் மின்னணு வகையாக இருந்தால் ஒரு சிறு வேறுபாடு உண்டு. தண்டுக்கு ஒரு நொடி மின்சாரம் போதும். இசைக்கு, பாட்டு முடியும்வரை வேண்டும். பெரும்பாலான வீடியோ பெல்களின் செயலியில் மணியின் வகையைக் கேட்கும் ஓர் அமைப்பும், மின்னணு மணி என்றால் எத்தனை நொடி ஒலிக்க வேண்டும் என்ற அமைப்பும் இருக்கின்றன; அவற்றைச் சரியாகத் தேர்ந்தால் போதும். சில பழைய கருவிகளோடு, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும் ஒரு டயோடும் வரும். அது பொத்தான் விடுபட்ட பிறகும் அரைச் சுற்று மின்சாரத்தை மணிக்கு அனுப்பிப் பாட்டை முடிக்க உதவுவதற்கானது. டிங்-டாங் மணியில் அந்த டயோடைப் பொருத்தவே கூடாது. நேர்திசை மின்சாரத்தில் இயங்கும் மணிகளும் சந்தையில் உண்டு. ஏசி கேட்கும் வீடியோ பெல்லை அவற்றோடு சேர்க்க முடியாது.

பழைய மணியே வேண்டாம், கைப்பேசியில் ஒலித்தால் போதும் என்று மணியைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராக வீடியோ பெல்லுக்கு இழுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொத்தானை அழுத்தும்போது கருவி தன் முனைகளை இணைத்துக்கொள்ளும் என்று பார்த்தோம். வழியில் சுருள் இல்லையென்றால் அது டிரான்ஸ்ஃபார்மரையே ஷார்ட் செய்வதாகிவிடும். அதனால்தான் சில கருவிகளுக்கு 25 ஓம், 50 வாட் மின்தடை ஒன்றைச் சுருளின் இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். 24 வோல்ட்டில் அதன் வழியே ஏறத்தாழ ஓர் ஆம்பியர் பாய்ந்து 23 வாட் சூடு வெளிப்படும் என்பதால் கைக்கு அடக்கமான சிறு மின்தடை அங்கே தாங்காது. வேறு சில கருவிகள் ‘மணி இல்லை’ என்று செயலியில் தெரிவித்தால் முனைகளை இணைக்காமலே இருந்துவிடும். உங்கள் கருவி எந்த வகை என்பதை அதன் கையேட்டில் பார்த்த பிறகே கம்பியைத் தொடுங்கள்.

வீட்டில் இருப்பது 230 வோல்ட் மணி என்று அறிந்தவர்கள் என்ன செய்வது? என் கருத்தில் மிகப் பாதுகாப்பான வழி, மணியிலிருந்து பொத்தானுக்குப் போகும் பழைய இரண்டு கம்பிகளையும் இரு முனைகளிலும் 230 வோல்ட்டிலிருந்து முற்றிலும் பிரித்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரையும் குறைந்த மின்னழுத்த மணி ஒன்றையும் வாங்கி, அதே கம்பிகளைப் புது வளையத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது. சுவரைக் கொத்தத் தேவையில்லை. பழைய மணியின் ஓசைதான் வேண்டும் என்றால், சுருளின் இடத்தில் ஓர் ஏசி ரிலேயை (மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்ச்) வைத்து, அதன் தொடுமுனைகளால் 230 வோல்ட் மணியை இயக்கலாம். ஆனால் கேமராவின் அன்றாட மின்னோட்டம் ரிலேயைப் பாதி இழுத்துக் கடகடக்க வைக்கும் என்பதால், அதற்கும் பக்கவழி வில்லை வேண்டும். இரு மின்னழுத்தக் கம்பிகளும் ஒரே பைப்பில் ஓடாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இது தேர்ந்த கை செய்ய வேண்டிய வேலை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, பேட்டரியில் இயங்கும் பெல்லும் பிளக்கில் செருகும் வயர்லெஸ் மணியும் போதும்.

டிரான்ஸ்ஃபார்மரையும் வைஃபை ரூட்டரையும் யு.பி.எஸ். இணைப்பில் சேர்த்துவிட்டால், மின்வெட்டின்போதும் வாசல் கண்ணுக்குத் தெரியும். பழைய சதுர அலை யு.பி.எஸ். வைத்திருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் மட்டும் டிரான்ஸ்ஃபார்மர் சற்று உறுமும். நீண்ட மின்வெட்டில் அது அதிகம் சூடேறுகிறதா என்று கை வைக்காமல், பெட்டிக்கு வெளியிலிருந்தே கவனித்துக்கொள்ளுங்கள். எல்லாம் இணைத்து முடித்த பின் இறுதிச் சோதனையைப் பகலில் செய்யாதீர்கள். இருட்டி, அகச்சிவப்பு விளக்குகள் ஏறிய பிறகு, கைப்பேசியில் நேரலைப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டே வாசல் பொத்தானைச் சில நொடி இடைவெளியில் ஐந்தாறு முறை அழுத்துங்கள். அத்தை வீட்டில் அன்றிரவு எட்டு மணிக்கு நான் கேட்டில் நின்று அழுத்த, உள்ளே கூடத்தில் ஒவ்வொரு முறையும் டிங்-டாங் முழுதாகக் கேட்டது. அத்தையின் கையில் இருந்த திரையில் படம் ஒருமுறைகூட அறுபடவில்லை.